எந்தச் சுற்றில் விடுபட்டார்கள்?

2020 ஜனவரியில் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியான பாஃப்டா தன் பரிந்துரைப் பட்டியலை வெளியிட்டபோது நடிப்புக்கான நான்கு பிரிவுகளிலும் இருந்த 20 இடங்களும் வெள்ளையருக்கே போயிருந்தன. சிறந்த இயக்குநர் பிரிவில் தொடர்ந்து ஏழாவது ஆண்டாக ஒரு பெண்கூட இல்லை. கண்டனம் பெரிதாக எழுந்தது. விருது விழா மேடையிலேயே சிறந்த நடிகர் விருதைப் பெற்ற வாக்கீன் ஃபீனிக்ஸ் அதைப் பற்றிப் பேசினார். பாஃப்டா தன் விதிகளை முழுவதுமாக ஆராய்ந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் 120க்கும் மேற்பட்ட மாற்றங்களை அறிவித்தது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் கிருஷ்ணேந்து மஜும்தார். பாஃப்டா வரலாற்றில் வெள்ளையரல்லாத முதல் தலைவர் அவர்தான். மறு ஆண்டு நடிப்புப் பிரிவுகளில் இருந்த 24 பேரில் 16 பேர் சிறுபான்மை இனத்தவர். இயக்குநர் பிரிவின் ஆறு பேரில் நால்வர் பெண்கள். ஒரே ஆண்டில் சுழியத்திலிருந்து பதினாறு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே பெரிய எழுத்தில் போட்டு ஓர் இணையதளம் அமைத்தால் பார்க்கிறவர் 'பிரச்சினை தீர்ந்தது' என்று மூடிவிட்டுப் போவார். விருதுகளில் யார் யாருக்கு இடம் கிடைக்கிறது என்று கணக்குக் காட்டும் தளங்கள் பெரும்பாலும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. கணக்கு சரிதான்; அதைக் காட்டும் விதத்தை மாற்ற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், இப்படிக் கணக்கெடுப்பவர்கள் செய்திருக்கும் வேலைக்கு மரியாதை செய்துவிட வேண்டும். அமெரிக்காவில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அனன்பர்க் ஆய்வுக் குழு, 1929 முதல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட எல்லோரையும் ஒவ்வொருவராகப் பட்டியலிட்டு 2023இல் ஒரு தளமாக வெளியிட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பெயர்கள். அவற்றில் பெண்கள் 17 சதவீதம். சிறுபான்மை இனத்தவர் 6 சதவீதம். அதுவரை 'எனக்குத் தோன்றுகிறது', 'உனக்குத் தோன்றுகிறது' என்று நடந்துகொண்டிருந்த வாக்குவாதத்துக்கு அந்தத் தளம் ஓர் அடித்தளம் போட்டது. ஆனால் 17 என்ற ஒற்றை எண்ணை எடுத்துக்கொண்டு பாருங்கள். ஆஸ்கரில் நடிப்புக்கு நடிகர், நடிகை என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அங்கே பாதி இடம் பெண்களுக்கு என்பது விதியாகவே இருக்கிறது. அந்த விதி கொடுத்த இடங்களையும் சேர்த்துத்தான் 17. நடிப்பைத் தள்ளிவிட்டு ஒளிப்பதிவை மட்டும் பார்த்தால், 2018இல் 'மட்பவுண்ட்' படத்துக்காக ரேச்சல் மாரிசன் பரிந்துரைக்கப்படும் வரை ஒரு பெண்கூட அந்தப் பட்டியலில் இல்லை. 1929இலிருந்து கிட்டத்தட்ட 90 ஆண்டுகள். சராசரி என்பது இந்த வெறுமையை மூடிவிடுகிறது. முகப்புப் பக்கத்தில் ஒரு வட்டப்படமும் ஒரு சதவீதமும் போட்டிருக்கும் தளம், உடைத்து வடிவமைத்தால் மட்டுமே தெரியக்கூடிய ஒன்றை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

உடைப்பது என்றால் எதை உடைப்பது? ஆண்டுவாரியாக உடைக்கலாம், பிரிவுவாரியாக உடைக்கலாம், இரண்டும் வேண்டும். ஆனால் பெரும்பாலான தளங்கள் விட்டுவிடுகிற மூன்றாவது ஒன்று உண்டு, அது சுற்று. ஒரு படம் போட்டிக்கு அனுப்பப்படுகிறது, வாக்காளர்கள் பார்க்கிறார்கள், முதற்பட்டியல் வருகிறது, அதிலிருந்து இறுதிப் பரிந்துரை, கடைசியில் விருது. பாஃப்டாவின் இயக்குநர் பிரிவை இந்தக் கண்ணோடு பாருங்கள். இறுதிப் பரிந்துரையின் ஆறு இடங்களில் பெண்கள் பெற்றவை 2021இல் நான்கு, 2022இல் மூன்று, 2023இல் ஒன்று, 2024இல் ஒன்று, 2025இல் ஒன்று. முதலிரண்டு ஆண்டுகளிலும் விருது பெற்றவர்கள் குளோயி ஜாவ், ஜேன் கேம்பியன். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளும் ஆண்கள். 2025 வரை இந்த விருதைப் பெற்ற பெண்கள் மொத்தம் மூன்றே பேர். 2010இல் கேத்ரின் பிகலோவையும் சேர்த்து. ஆஸ்கரிலும் அதுவரை இதே மூன்று பெயர்கள்தான் என்பது தற்செயலா என்பதை வாசகரே யோசிக்கட்டும். இனி 2023ஐ மட்டும் நெருங்கிப் பார்ப்போம். சீர்திருத்தத்தின்படி முதற்பட்டியலில் ஆண், பெண் சமமாக இருக்க வேண்டும். அந்த ஆண்டு 16 இடங்களில் 8 பெண்களுக்கு. அடுத்த சுற்றில் மிஞ்சியவை ஆறு இடங்கள். அதில் ஜீனா பிரின்ஸ்-பைத்வுட் ஒருவர்தான் பெண். 'ஆஃப்டர்சன்' படத்துக்காக அதே விழாவில் சிறந்த அறிமுகத்துக்கான பாஃப்டாவைப் பெற்ற ஷார்லட் வெல்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. விருது ஜெர்மன் இயக்குநர் எட்வர்ட் பெர்கருக்குப் போனது. நடிப்புக்கான நான்கு விருதுகளும் அன்று வெள்ளையருக்கே கிடைத்தன. இயக்குநர் பிரிவில் பாதி என்று தொடங்கி, ஆறில் ஒன்றாகி, சுழியத்தில் முடிந்த இந்தப் பயணத்தை ஒரு சதவீதத்தால் காட்ட முடியாது. முதற்பட்டியலை மட்டும் காட்டும் தளம் சமத்துவம் வந்துவிட்டது என்று சொல்லும். விருதை மட்டும் காட்டும் தளம் எதுவுமே மாறவில்லை என்று சொல்லும். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால்தான், எந்தச் சுற்றில் விடுபட்டார்கள் என்பது கண்ணில் படும். சீர்திருத்தம் எங்கே வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்து எதைத் திருத்துவது என்று பேச முடியும்.

சுற்றுகளைக் காட்டத் தொடங்கினால் உடனே இன்னொரு கேள்வி வரும்: அந்தச் சுற்றில் வாக்களித்தவர்கள் யார்? 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் ஆஸ்கர் அகாடமியின் உறுப்பினர்களை ஆராய்ந்து, அவர்களில் 94 சதவீதம் வெள்ளையர், 77 சதவீதம் ஆண்கள் என்று எழுதியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2015லும் மறுபடி 2016லும், நடிப்புப் பரிந்துரைகள் இருபதும் வெள்ளையருக்கே போனபோது ஏப்ரல் ரெயின் என்ற பெண் தொடங்கிய 'ஆஸ்கர்ஸ் சோ ஒயிட்' முழக்கம் உலகம் முழுவதும் பரவியது. அந்த முழக்கம் சுட்டியது விளைவை. அதன் காரணத்தின் ஒரு பகுதி 2012ஆம் ஆண்டுச் செய்தியிலேயே இருந்தது. ஒரு தளத்தில் இவ்விரண்டு தரவும் அடுத்தடுத்து இருந்திருந்தால் யாரும் அதிர்ச்சியடைய வேண்டியிருந்திருக்காது. பாஃப்டா 2020இல் இதைப் புரிந்துகொண்டுதான் இடம் கிடைக்காத பிரிவினரிலிருந்து ஆயிரம் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதாக அறிவித்தது. அதைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு விதி: உறுப்பினர்களுக்குத் தலைக்கு 15 படங்கள் ஒதுக்கி, அவற்றைக் கட்டாயம் பார்க்கச் சொன்னது. டிவிடி அனுப்பும் பழைய முறையை விட்டுவிட்டு, எல்லாப் படங்களும் அகாடமியின் சொந்தத் தளத்திலேயே பார்க்கக் கிடைக்கும்படி செய்தது. இதன் பொருளை யோசிக்க வேண்டும். விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறிய படத்தை வாக்காளர் வெறுத்ததால் அது தோற்றதில்லை. அவர் பார்க்கவே இல்லை. அகாடமியின் தளத்தில் எந்தப் படத்தை எத்தனை உறுப்பினர் பார்த்தார்கள் என்ற தகவல் அகாடமியிடம் இருக்கத்தான் செய்யும். உறுப்பினர் பெயர் வேண்டாம்; படத்துக்கு எத்தனை பார்வை என்ற எண்ணை மட்டும் விழா முடிந்த பிறகு வெளியிட்டால், விருதுக் கணக்கில் இன்றுவரை இல்லாத மிக நல்ல தரவு அதுவாகத்தான் இருக்கும். அதற்கும் முந்திய சுற்று ஒன்று உண்டு: பாஃப்டாவுக்குப் படத்தின் தரப்பிலிருந்து யாராவது விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டனில் திரையரங்குகளில் தமிழ்ப் படங்கள் வாராவாரம் ஓடுகின்றன. ஓடுவது தகுதிக்கு ஒரு படி. விண்ணப்பிப்பது அடுத்த படி. விண்ணப்பிக்காத படத்தை வாக்காளர் ஒதுக்கினார் என்று குற்றம் சொல்ல முடியாது. நல்ல தளம் இந்த இடத்தில் நம் பக்கத்துப் பொறுப்பையும் காட்டிவிடும்.

கலையை எண்ணிக் கணக்கிடலாமா என்ற மறுப்பு இங்கே வரும். நல்ல நடிப்புக்குத்தானே விருது, தோல் நிறத்துக்கா என்று கேட்பவர்கள் எல்லோரையும் இனவெறியர் என்று ஒதுக்கிவிட முடியாது; கலையை உண்மையாக நேசிப்பவர்களும் அப்படிக் கேட்கிறார்கள். அவர்களுக்கான பதில், கணக்கு எந்தத் தனி விருதையும் தவறு என்று சொல்வதில்லை என்பதுதான். 2023இல் பெர்கர் தகுதியில்லாதவர் என்று எந்த வரைபடமும் சொல்லாது. ஓர் ஆண்டு நடிப்பு விருதுகள் நான்குதான். ஒருவர் மாறினால் 25 சதவீதம் மாறிவிடும். அவ்வளவு சிறிய எண்ணிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதனால்தான் ஓராண்டுச் சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போடுவதைத் தளம் நிறுத்த வேண்டும் என்கிறேன். ஆனால் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து இயக்குநர் பட்டியலில் பெண்ணே இல்லை என்றால், ஒளிப்பதிவில் 90 ஆண்டுகள் இல்லை என்றால், அதைத் தனித்தனி ரசனைகளின் தற்செயல் கூட்டுத்தொகை என்று சொல்வது கடினம். 2020க்கும் 2021க்கும் இடையில் பிரிட்டனில் திறமை திடீரென்று பிறந்துவிடவில்லை. விதிகள் மாறின, பார்க்கப்பட்ட படங்கள் மாறின, நடுவர் குழுவுக்கு இறுதித் தேர்வில் பெரிய பங்கு கிடைத்தது, பட்டியல் மாறியது. தகுதிதான் எப்போதும் தேர்ந்தெடுத்தது என்று நம்புகிறவர் இந்த ஒரே ஆண்டு மாற்றத்துக்கு என்ன விளக்கம் சொல்வார்?

இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், யாரை எந்தப் பெட்டியில் போடுவது என்ற சிக்கல் தீராது. தரவுத் தளங்கள் மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான். தெற்கு லண்டனின் நோர்பரியிலிருந்து இதைப் பார்ப்பது எளிது. குரோய்டன் மாநகரப் பகுதியின் வட எல்லையில், லண்டன் ரோடு நெடுகத் தமிழர் கடைகளும் வீடுகளும் கலந்த ஊர் இது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தங்கள் முதன்மை மொழி என்று எழுதியவர்கள் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் பேர். ஆனால் அதே படிவத்தின் இனப் பகுதியில் ஆசியர் என்ற தலைப்பின் கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று கட்டங்கள் உண்டு. இலங்கையிலிருந்து வந்தவருக்குக் கட்டம் இல்லை. 'பிற ஆசியப் பின்னணி' என்பதைத் தொட்டு, பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழரும் ஃபிலிப்பினோவும் நேபாளியும் அந்த ஒரே கட்டத்தில் ஒன்றாகிறார்கள். விருதுத் தளங்கள் இந்தக் கட்டங்களையே பெரும்பாலும் கடன் வாங்குகின்றன. இதன் விளைவு என்ன என்பதற்கு நோர்பரிக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பஸ்ஸில் போகும் தூரத்தில் உள்ள மிச்சம் என்ற ஊரில் வளர்ந்தவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரிலிருந்து தப்பிக் குடும்பத்தோடு அகதியாக லண்டனுக்குத் திரும்பியவர். 2009இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் 'ஓ... சாயா' பாடலுக்காக ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஒரு வழக்கமான தளத்தில் அவர் எப்படி இருப்பார்? பெண்: ஒன்று. ஆசியர்: ஒன்று. நாடு: பிரிட்டன். அவ்வளவுதான். ஈழத்து அகதி, தமிழ் பேசுகிறவர், தெற்கு லண்டனின் அரசு குடியிருப்பில் வளர்ந்தவர் என்பவை எதற்கும் கட்டமில்லை. அதே பாடலில் பக்கத்தில் நிற்கும் ரஹ்மானும் 'ஆசியர்: ஒன்று' ஆகிவிடுவார். இருவரையும் தமிழராக ஒரே வரியில் பார்க்க விரும்பும் பள்ளி மாணவிக்கு அந்தத் தளத்தில் வழி கிடையாது.

இதைவிடக் கடினமான வரி ஒன்று ஆஸ்கர் வரலாற்றில் இருக்கிறது. 1935இல் வெளியான 'த டார்க் ஏஞ்சல்' படத்துக்காகச் சிறந்த நடிகைப் பரிந்துரை பெற்றவர் மெர்ல் ஓபரான். தான் ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியாவில் பிறந்த வெள்ளைப் பெண் என்றே பல்லாண்டுகள் சொல்லிவந்தார். உண்மையில் அவர் பிறந்தது 1911இல் பம்பாயில். அவரை வளர்த்த ஷார்லட் இலங்கையைச் சேர்ந்த கலப்பினப் பெண். 1979இல் ஓபரான் இறந்த பிறகே இந்த விவரம் பரவலாக வெளிவந்தது. வெள்ளையரல்லாதவர் என்று தெரிந்தால் ஹாலிவுட்டில் கதாநாயகி ஆக முடியாத காலம். மறைத்தது அவருக்கு இருந்த ஒரே வழி. இப்போது ஒரு தளம் அவரை எங்கே எழுதுவது? வெள்ளையர் என்று எழுதினால் அவர் சொன்ன பொய்க்கு, அதைச் சொல்ல வைத்த அமைப்புக்கு, நாம் முத்திரை குத்துகிறோம். ஆசியர் என்று எழுதினால் 1936இலேயே ஒரு ஆசியப் பெண்ணுக்கு ஆஸ்கர் கதவு திறந்திருந்தது என்ற தோற்றம் வந்துவிடும். கதவு அவருக்குத் திறந்ததே அவர் ஆசியர் என்று தெரியாததால்தான். 2023இல் மிஷெல் யோ சிறந்த நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது பத்திரிகைகள் இந்த முடிச்சில் திணறி, 'தன்னை ஆசியர் என்று சொல்லிக்கொண்டவர்களில் முதலாமவர்' என்று எழுத வேண்டிவந்தது. என் பார்வையில் இதற்குத் தீர்வு ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுப்பது அல்ல. ஒரு வரியில் மூன்று கட்டங்கள் வைப்பது. அவர் அன்று தன்னை என்னவென்று சொன்னார், பின்னர் ஆவணங்கள் என்ன காட்டின, தளம் கூட்டுத்தொகையில் அவரை எங்கே சேர்த்தது, ஏன். மூன்றையும் வாசகர் திறந்து பார்க்க முடிய வேண்டும். மெர்ல் ஓபரானின் அந்த ஒரு வரி, பாகுபாடு எப்படி வேலை செய்தது என்பதை எந்த வட்டப்படத்தையும்விட நன்றாகச் சொல்லிவிடும்.

ஒருவரின் இனத்தை அவர் சொல்லாமலே பெயரையும் முகத்தையும் பார்த்து எழுதுவது அத்துமீறல் இல்லையா? இது நியாயமான மறுப்பு. பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இனம் பற்றிய தகவல் கூடுதல் காவல் தேவைப்படும் சிறப்பு வகையில்தான் இருக்கிறது. ஆகவே இறுதிப் பரிந்துரையும் விருதும் பெற்ற பொது மனிதர்களுக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு வேறு விதி என்று தளம் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்னவர்களில் அவர்களே பேட்டியிலோ எழுத்திலோ சொன்னது மட்டும், சொன்ன இடத்தோடு. தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே ஒரு கட்டம். ஊகித்து நிரப்பக் கூடாது. விண்ணப்பித்தவர்கள், வாக்காளர்கள் போன்ற மற்றவர்களுக்குக் கூட்டுத்தொகை போதும். ஒருவரை அடையாளம் காட்டிவிடும் அளவுக்குச் சிறிய எண்ணாக இருந்தால் அதை வெளியிடவும் கூடாது. திருத்தம் கேட்க ஒரு வழி இருக்க வேண்டும், கேட்டவருக்குப் பதிலும் வர வேண்டும். எண்ணாமலே விட்டுவிடுவது தனிமனித மரியாதைக்குப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். எண்ணாதபோது பாதுகாப்பாக இருப்பது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்தான்.

இந்தியாவுக்கு வந்தால் விஷயம் இன்னும் நெருக்கமாகிறது. தாதாசாகேப் பால்கே விருதை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து எண்ணிவிடலாம். 1969ஆம் ஆண்டுக்கான தேவிகா ராணியில் தொடங்கி 2023ஆம் ஆண்டுக்கான மோகன்லால் வரை 55 பேர். பெண்கள் 8 பேர். 2000ஆம் ஆண்டுக்கு ஆஷா போஸ்லே. அடுத்த பெண் 2020ஆம் ஆண்டுக்கு ஆஷா பாரேக். நடுவில் 19 பேரும் ஆண்கள். அந்த எட்டுப் பெண்களும் நடிப்பாலோ பாட்டாலோ புகழ்பெற்றவர்கள். ஆண்கள் பக்கத்தில் இயக்குநர், தயாரிப்பாளர், கவிஞர், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர் என்று எல்லாத் தொழிலும் இருக்கிறது. 8 என்ற எண்ணைவிட இந்தத் தொழில் வரிசை எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. மொழிவாரியாக எண்ணப் போனாலோ ஓபரானின் சிக்கல் நம் வீட்டுக்கே வந்துவிடும். தமிழர் எத்தனை பேர் என்று கேட்டால் சிவாஜி கணேசன், கே. பாலசந்தர், ரஜினிகாந்த் என்று உடனே சொல்வோம். ரஜினிகாந்த் பெங்களூரில் மராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். பிறப்பை வைத்து எண்ணும் தளத்தில் அவர் தமிழ்க் கணக்கில் வரமாட்டார். உழைத்த மொழியை வைத்து எண்ணினால் வருவார். அப்படி எண்ணினால் சென்னையில் ஸ்டுடியோ நடத்தித் தமிழிலும் தெலுங்கிலும் படமெடுத்த எல்.வி. பிரசாத்தையும் பி. நாகி ரெட்டியையும் எங்கே வைப்பது? பிறந்த மொழிக்கும் உழைத்த மொழிக்கும் தனித்தனிக் கட்டம் வைத்தால் இந்தச் சண்டையே வேண்டாம். கேள்வி கேட்பவர் எந்தக் கணக்கு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

தேசியத் திரைப்பட விருதுகளிலும் இப்படித்தான். சிறந்த படத்துக்கான விருதைத் தமிழ் 'மறுபக்கம்', 'காஞ்சிவரம்', 'சூரரைப் போற்று' என்று மூன்று முறை பெற்றிருக்கிறது. 1953ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கும் விருது அது. மொழிக் கணக்கில் இது குறைவு என்று நாம் வருத்தப்படுவோம். ஆனால் 'சூரரைப் போற்று' சுதா கொங்கரா இயக்கியது. திரைக்கதை விருதும் அவருக்கும் ஷாலினி உஷா நாயருக்கும் கிடைத்தது. ஒரே படம் மொழிக் கணக்கிலும் பெண்கள் கணக்கிலும் ஏறுகிறது. ஒரு நேரத்தில் ஒரு கணக்கை மட்டும் காட்டும் வடிவமைப்பு இந்தச் சேர்க்கையைத் தவறவிட்டுவிடும். பிரிட்டனிலும் அதே கதை: 2016இல் சட்டன் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை ஆய்ந்தபோது பாஃப்டா விருது பெற்ற பிரிட்டிஷ்காரர்களில் 42 சதவீதம் பேர் கட்டணத் தனியார் பள்ளிகளில் படித்தவர்கள். நாட்டு மக்களில் அப்படிப் படிப்பவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம்தான். இனக் கட்டங்களை எவ்வளவு நுணுக்கமாக வைத்தாலும் இந்த வர்க்கக் கோடு தெரியாது. இந்தியாவில் அந்த இடத்தில் நிற்பது சாதி. எனக்குத் தெரிந்து இந்திய விருதுகளைப் பற்றிப் பேசும் யாரும் அதை ஒரு கட்டமாக வைப்பதில்லை. வைப்பது எளிதும் அல்ல, ஏனென்றால் ஒருவரின் சாதியை ஊகித்து எழுதுவது அவமதிப்பு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஆனால் மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி ஒரு தலித் பெண் என்பதற்காகவே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார் என்பது வரலாறு. தாமே முன்வந்து சொன்னவர்களை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்யும் ஒரு கட்டமாவது வேண்டும்.

தளத்தைக் கையால் கட்டும் வேலைக்கு வருவோம். முகப்பில் சதவீதம் வேண்டாம்; பரிந்துரைக்கு ஒரு புள்ளி போதும். 2020க்கு 20 புள்ளி, 2021க்கு 24 புள்ளி. புள்ளியைத் தொட்டால் பெயரும் படமும் வர வேண்டும். எண்ணுக்குப் பின்னால் மனிதர் இருப்பது அப்போதுதான் மனதில் நிற்கும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது: ஆண்களில் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்ப்பது கடினம். வடிவமும் எழுத்தும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரைபடத்துக்கும் அடியில் அதே செய்தியை ஓர் அட்டவணையாகவும் வைத்தால் பார்வையில்லாதவர் திரைவாசிப்பான் வழியே கேட்கலாம், ஆய்வாளர் தரவிறக்கிக்கொள்ளலாம். நம்மில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் படிக்கிறோம். கணினித் திரைக்காக விரிந்த பெரிய வரைபடம் அங்கே கைக்கெட்டாது. அப்புறம் பெயர். இது சிறிய விஷயம்போலத் தோன்றும். மேற்கத்தியத் தரவுத் தளம் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று எடுத்துக்கொண்டு அகரவரிசை போடும். நம் பெயரில் முன்னால் நிற்பது பெரும்பாலும் தந்தையின் பெயரின் முதலெழுத்து. கே. பாலசந்தர் ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதப்படுகிறார். கணினி அவரை இரண்டு ஆளாக எண்ணிவிடும். பெயரைத் தமிழில் ஒரு கட்டத்தில் வைத்திருந்தால் இந்தப் பிழை குறையும். தகவலைக் கடைசியாகப் புதுப்பித்த நாள் எல்லாப் பக்கத்திலும் இருக்க வேண்டும். இடைவெளிகளையும் காட்ட வேண்டும். தமிழ்நாடு அரசு 2009 முதல் 2014 வரை ஆறு ஆண்டுகளின் திரைப்பட விருதுகளை 2017 ஜூலையில் ஒரே நாளில் அறிவித்தது. அவற்றைக் கையில் கொடுக்க 2022 ஆகிவிட்டது. அந்தத் தாமதம் வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிந்தால்தான் யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

விருது என்பது கடைசி வாசல், படப்பிடிப்புத் தளத்தில் வேலை கொடுப்பதுதான் முதல் வாசல், அங்கே கவனம் வைக்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பானேன் என்பது எனக்குத் தெரிந்த மிக வலுவான மறுப்பு. இதில் பாதி உண்மை. பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் பன்முகத்தன்மைத் தரநிலைகளைப் பாஃப்டா 2019 முதல் பிரிட்டிஷ் படங்களுக்கான இரண்டு பிரிவுகளில் கட்டாயமாக்கியிருக்கிறது; ஆஸ்கர் 2024 விழாவிலிருந்து சிறந்த படத்துக்கு, நான்கு நிபந்தனைகளில் இரண்டையாவது நிறைவேற்ற வேண்டும் என்கிறது. அந்த நிபந்தனைகள் திரையில் வருபவர்களோடு பின்னணிப் பணியாளர்களையும் பயிற்சி பெறுவோரையும் எட்டுகின்றன. ஆனால் இந்த விதிகள் விருதுகளுக்குள் வந்ததில், விருதுப் பட்டியலைப் பார்த்து எழுந்த கோபத்துக்கும் பங்கு உண்டு. படப்பிடிப்புத் தளத்தில் யாருக்கு வேலை கிடைத்தது என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது; மேடையில் யார் நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிகிற இடத்தில் கணக்கைத் தொடங்கி, தெரியாத இடம் வரை அதைக் கொண்டுபோவதுதான் நடைமுறை.

பால்கே விருதின் 55 பெயர்களையும், தேசிய விருதின் ஆண்டுவாரி ஏடுகளையும், பாஃப்டாவின் முதற்பட்டியல்களையும் யாரும் பூட்டி வைத்திருக்கவில்லை. நோர்பரியிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கணினியில் அட்டவணை போடத் தெரிந்த மூன்று இளைஞர்கள் சேர்ந்தால் தமிழில் இப்படி ஒரு தளத்தைத் தொடங்கிவிடலாம். தமிழ்நாடு அரசு விருதுகளிலிருந்தே தொடங்குங்கள். முதல் நாளிலேயே, பெயருக்குப் பக்கத்தில் அந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று எழுதும் கட்டத்தை மட்டும் மறக்காமல் வைத்துவிடுங்கள்.